நான் செஞ்ச மக்ல எங்கம்மா காப்பி குடிக்க மாட்டேங்கறாங்க

கோவைக்களிமண்:
ஒன்றரை வருசமா ஞாயித்துக்கிழமையானா சக்கரத்துல உக்காந்துடறேன். ஸ்டோன்வேர் மண் (அதிக சூட்டுல சுட்டுக் கல்லு மாதிரி ஆகுற வகை), மின்சூளை, 1220 டிகிரியில கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, சுடறோம். இதுவரைக்கும் முப்பது மக்காவது வனைஞ்சிருப்பேன். பாக்கறவங்க அழகா இருக்குன்னு சொல்றாங்க, வாங்கிட்டும் போறாங்க. போன மாசம் தோழி வீட்டுக்குப் போனா, நான் குடுத்த மக்ல டூத்பிரஷ் நிக்குது. கூட ஒரு சீப்பு.

அதைக்கூட விட்டுட்டேன். அம்மா விசயந்தான் மனசை அறுக்குது. 71 வயசு. மொத வாரம் எனக்காகக் குடிச்சாங்க, அப்பறம் எவர்சில்வர் டம்ளர் திரும்பி வந்துருச்சு. கேட்டா, "நல்லாத்தான் இருக்குது கண்ணு, விசேசத்துக்கு எடுத்துக்கலாம்"ங்கறாங்க. காப்பி குடிக்கறதுக்கு என்ன விசேசம் வேணும்?

ரெண்டு நாள் பேசாம பக்கத்துல உக்காந்து பாத்தேன். அம்மா அண்ணாந்து குடிக்கற ஆள், உதடு படாது. என் மக்ல அப்படி ஊத்துனா பாதி தாடையில போகுது. சரின்னு உதட்டுல வச்சுக் குடிச்சாலும் ஒரு சொட்டு வெளிப்பக்கமா வழிஞ்சு சேலையில விழுது. விரல் மூட்டு வீங்கியிருக்கறதால கைப்பிடிக்குள்ள ரெண்டு விரல்தான் நுழையுது, அதுலயும் நடுவிரல் முட்டி சுவர்ல பட்டுச் சுடுது.

அளவு சொல்றேன். மண் 600 கிராம், கைப்பிடி தனி. சுட்டு முடிச்ச காலி மக் 430 கிராம். 300 மில்லி பிடிக்கும். விளிம்பு 6 மில்லிமீட்டர் தடிமன். பானை மாதிரி இருக்கட்டும்னு வாயைக் கொஞ்சம் உள்ள வளைச்சிருக்கேன். சாம்பல் நிற மேட் (பளபளப்பில்லாத) கிளேஸ். எங்க தப்புப் பண்றேன்?

பாண்டிச்சூளை:
நீங்க குடுத்த அளவுலயே பாதி பதில் இருக்கு. வாய் உள்ள வளைஞ்சா காப்பி அந்த வளைவுக்குப் பின்னால தேங்கி நிக்கும். சாய்ச்சுக்கிட்டே போவீங்க, ஒண்ணும் வராது, திடீர்னு மொத்தமா வரும். தாடைக் கதை அதுதான். சேலையில விழுற சொட்டு வேற கதை. தடிச்சு உருண்ட விளிம்பை நீர் விட மனசில்லாம ஒட்டிக்கிட்டே சுத்தி வந்து அடிப்பக்கமா இறங்கும். மோசமான டீ கெட்டில் மூக்குல வழியுமே, அதே சங்கதி.

அம்மாவோட டம்ளரைக் கையில எடுத்து விரலால விளிம்பைத் தடவிப் பாருங்க. மேல வெளிய விரிஞ்சு, ஓரம் சின்னதாச் சுருண்டிருக்கும். ஊத்தறப்ப நீர் அந்த ஓரத்துல வெட்டிக்கிட்டு விழும், கீழ இறங்காது. காப்பி அதுவரைக்கும் நிரம்பாததால அங்க பிடிச்சா சூடும் அவ்வளவு ஏறாது. நாம மண்ணுல தேடறதெல்லாம் அந்தத் தகரத்துல எப்பவோ முடிவாயிருக்கு.

கடைசி ரெண்டு சென்டிமீட்டரை லேசா வெளிய விரியவிடுங்க. சுட்ட பிறகு ஓரம் 3 மில்லிமீட்டர் இருந்தா போதும். உள்பக்கம் வழவழன்னு உருண்டு வரணும், வெளிப்பக்கம் அடியில ஒரு மூலை தெரியணும். அதுக்காகக் காகிதம் மாதிரி இழுத்துடாதீங்க, கழுவறப்ப சில்லு பேர்ந்துடும். ஊசியால வாயை வெட்டிட்டு அப்படியே விடுற பழக்கம் இருந்தா இன்னியோட விடுங்க. ஒவ்வொரு தடவை சுவரை ஏத்துனதும் ஈரத் தோல்துண்டை மடிச்சு வாயை அமுக்கணும்.

அப்புறம் அந்த மேட் கிளேஸ். கண்ணுக்கு நல்லா இருக்கும், உதட்டுக்கு சாக்பீஸ். உள்ளயும், வெளியே விளிம்புக்குக் கீழ ஒரு விரக்கடை வரைக்கும் பளபள கிளேஸ் குடுங்க. ரெண்டு கிளேஸ் சேர்ற இடம் இளகி ஓடலாம், முதல்ல சோதனை வில்லையில போட்டுப் பாருங்க. பளபள கிளேஸ்லயும் ஒரு எலுமிச்சைத் துண்டை ராத்திரி பூரா வச்சிருங்க. காலையில நிறம் மாறியிருந்தா அதுல யாரும் குடிக்க வேணாம்.

1971-ல ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்க பாண்டிச்சேரியில கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிங்கற மண்பாண்டப் பட்டறையை ஆரம்பிச்சதிலிருந்து இந்தப் பக்கம் ஸ்டோன்வேருக்குக் குறைச்சலே இல்ல. என் அலமாரியில பலர் செஞ்ச மக் நாப்பது இருக்கும். தினம் கை போறது மூணுக்குத்தான். மூணும் பாக்க சுமார்.

டிகிரிகாப்பி:
நான் குயவன் இல்ல, குடிகாரன். காப்பிக் குடிகாரன். எடையைப் பத்தி யாரும் பேசலையே? 430 கிராம் மக், 28 டிகிரியில இருக்கு. அதுல 85 டிகிரி காப்பி 150 மில்லி ஊத்தறீங்க. மக்கும் காப்பியும் ஒரே சூட்டுக்கு வந்துட்டா, என் கணக்குக்கு காப்பி 63 டிகிரிக்கு இறங்குது. 80 கிராம் எவர்சில்வர் டம்ளர்ல அதே காப்பி மூணு டிகிரிதான் இழக்கும். காத்துல போற சூடு தனி. கொதிக்கக் கொதிக்க அண்ணாந்து ஊத்திக்கிற தலைமுறைக்கு 63 டிகிரிங்கறது ஆறின காப்பி! 280 கிராமுக்குக் குறைச்சா 68, 69 வரும். ஊத்தறதுக்கு முன்ன வெந்நீர்ல அலசிட்டா இன்னும் நல்லது.

மானாமதுரைக்காரன்:
அக்கா, எங்க வீட்டுல மூணு தலைமுறையா வனையறோம், பானை, அடுப்பு, அகல். மேல ஒரு அண்ணன் சொன்ன தோல்துண்டு எங்ககிட்ட ஈரத்துணி. எங்கய்யா அதைக் காதுல செருகியிருப்பாரு, பானை வாய்க்கு வந்ததும் எடுத்து அமுக்குவாரு. கிளேஸ் போடாத மண் கோப்பையில வாய் வச்சா உதடு ஒட்டும், மண்ணு ஈரத்தை இழுக்கும். அதனாலதான் எங்க ஊருல மண் குவளையில தூக்கி ஊத்திக் குடிக்கிற பழக்கம்னு நெனைக்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். வயசானவங்களுக்கு மக்குல காதே, அதான் கைப்பிடியே, எதுக்கு? ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிற மாதிரி குவளையாச் செஞ்சு குடுத்துடலாமே?

பாண்டிச்சூளை:
பச்சத் தண்ணி குடிக்க அது சரி. கொதிக்கிற காப்பிக்கு, அதுவும் 3 மில்லிமீட்டர் சுவருக்கு, கை பொத்துப் போகும் தம்பி. வீங்கின விரலுக்குக் காது வேணும், பெரிய காதா வேணும். அவங்க நாலு விரலையும் சேர்த்து அகலம் அளந்துக்குங்க. 7 சென்டிமீட்டர்னா, உங்க மண் 12 சதவீதம் சுருங்குதுன்னு வச்சா, பச்சையில, அதாவது சுடறதுக்கு முன்ன ஈர மண்ணுல, 8 விடணும். முட்டிக்கும் சுவருக்கும் நடுவுல சுட்ட பிறகு 3 சென்டிமீட்டர் இருக்கட்டும். கயிறு மாதிரி உருட்டி ஒட்டாதீங்க, விரல்ல உறுத்தும். மண்ணை நனைச்சு நனைச்சுக் கையால உருவி, நடுவுல தடிப்பா, ஓரம் மெலிஞ்சு வரணும். கட்டைவிரல் உக்கார மேல ஒரு சின்னத் திட்டு. மக்கும் காதும் ஒரே ஈரப்பதத்துல இருக்கறப்ப கீறி, களிக்குழம்பு தடவி ஒட்டுங்க. ரெண்டு நாள் பிளாஸ்டிக்ல மூடி வைங்க. அவசரப்பட்டா மூட்டுல வெடிக்கும்.

கோவைக்களிமண்:
ஆறு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் நன்றி.

காது இல்லாம அஞ்சு சின்னக் குவளை செஞ்சேன், அஞ்சும் வேற வேற வாய். ஒவ்வொண்ணுலயும் மோர் ஊத்தி, எது எதுன்னு சொல்லாம அம்மா கையில குடுத்தேன். எனக்குப் பிடிச்ச உள்வளைவை ஒரே வாயில ஒதுக்கிட்டாங்க. மூணாவதை மட்டும் கீழ வைக்காம, "இன்னொரு வாய் ஊத்து"ன்னாங்க. விளிம்பு 3 மில்லிமீட்டர், சுண்டுவிரல் அகலத்துக்கு வெளிவிரிவு.

அம்மா டம்ளர் 180 மில்லி. இங்கதான் எனக்குப் பாடம். 12 சதவீதம்னா கொள்ளளவுலயும் 12 போகும்னு இத்தனை நாள் நெனச்சிருந்தேன். நீளம், அகலம், உயரம் மூணும் சுருங்கறதால மிஞ்சறது 68 சதவீதம்தான். அதனால பச்சையில 265 மில்லிக்கு வனைஞ்சேன். மண் 370 கிராம், சுட்டது காதோட 275 கிராம். மொத மக்ல மேல்மூட்டுல மயிரிழை வெடிப்பு, ஒரு நாள்லயே பிளாஸ்டிக்கைப் பிரிச்சதுக்குத் தண்டனை. ரெண்டாவது நல்லா வந்துச்சு.

காலையில இன்னும் எவர்சில்வர்தான், அதை மாத்தறதா இல்லையாம். சாயங்காலம் சுக்குக் காப்பிக்கு மட்டும் மக்கை எடுக்கறாங்க. நேத்து குடிச்சு முடிச்சுக் கழுவிக் கவுத்திட்டு, "ஈ விழுகுது, இதுக்கு ஒரு மூடி செஞ்சு குடு"ன்னாங்க. மூடிக்கும் 12 சதவீதம் விடணுமா, இல்ல மக்கோட சேர்த்தே வச்சு சுட்டுடலாமா?