மதுரையில் ஆன்டி-எச்பிஎஸ் (ஹெபடைடிஸ் பி-க்கான எதிர்ப்பொருள்) அளவை எண்ணாகத் தரும் லேப் எது?

வணக்கம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளைச் சரிபார்த்து வருகிறோம். உங்கள் உதவி வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்குத் தைமஸ் சுரப்பி சிறியது. நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களான டி செல், பி செல் இரண்டும் குறைவு. அதனால் எல்லா ஊசியும் போட்டிருந்தாலும் எதிர்ப்பொருள் குறைவாக உருவாகலாம், சீக்கிரம் இறங்கவும் செய்யலாம். ஊசியே பலிக்காது என்று அர்த்தமில்லை. தயவுசெய்து யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

ஹெபடைடிஸ் பி-க்கு ரத்தத்தில் அளந்தே பார்க்கலாம். கடைசி டோஸ் முடிந்து 1 முதல் 2 மாதத்தில் ஆன்டி-எச்பிஎஸ் 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. கோளாறு நடப்பது டெஸ்ட் எழுதும் சீட்டில்தான். பல இடங்களில் இதற்குப் பதிலாக எச்பிஎஸ்ஏஜி என்ற வேறு டெஸ்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. 'நெகட்டிவ்' என்று வந்ததும் வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். எதிர்ப்பு சக்தி வந்ததா என்பது தெரியாமலே போகிறது, பாவம். வருஷக்கணக்கில் கழித்துப் பார்த்தால் அளவு இறங்கியிருக்கலாம். அப்போது ஒரு பூஸ்டர் போட்டு மறுபடி பார்ப்பதா என்று குழந்தை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: 'பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதாமல் எண்ணோடு ரிப்போர்ட் தரும் லேப் எது, எவ்வளவு வாங்குகிறார்கள்? 2 வயது தாண்டியவர்களுக்கான நிமோகாக்கல் 23 (நிமோனியா தடுப்பு) ஊசி எங்கே கிடைக்கும்? ஃப்ளூ ஊசி முதல்முறை போடும் சின்னப் பிள்ளைகளுக்கு 4 வார இடைவெளியில் 2 டோஸ் வேண்டும். இரண்டாவதுக்கும் ஸ்டாக் வைத்திருக்கும் கிளினிக் இருந்தால் அவசியம் எழுதுங்கள். அட்டைப் படம் போட்டால் பிள்ளையின் பெயரை மறைத்துவிடுங்கள்.