இடுப்பு பெல்ட்ல லென்ஸ் பவுச்: அழகர் ஆத்துல இறங்குற கூட்டத்துல தாங்குமா?

கோரிப்பாளையம்_க்ளிக்:
வணக்கம் மக்களே. இந்த வருஷம் மதுரை சித்திரைத் திருவிழாவ, அழகர எதிர்கொண்டு வரவேற்குற எதிர்சேவைல இருந்து அவரு வைகை ஆத்துல இறங்குற வரைக்கும் விடாம எடுக்கலாம்னு இருக்கேன். கையில இருக்குறது சோனி ஏ7 4 கேமராவும் மூணு லென்ஸும்: 24-70 ஜிஎம் 2, தூரத்துல இருக்குறத இழுக்குற 70-200 ஜிஎம் 2, அப்புறம் அகலமா எடுக்குற ஒரு 20 எம்எம் எஃப் 1.8. பேக்பேக்க மாட்டிக்கிட்டு அந்தக் கூட்டத்துக்குள்ள போனா பின்னாடி எவன் ஜிப்ப தொறக்குறான்னு கூட தெரியாது, லென்ஸ் மாத்தணும்னா கழட்டி கீழ வைக்கவும் இடம் இருக்காது. அதான் பெல்ட் கட்டி பவுச்ல லென்ஸ் போட்டுக்கலாமான்னு யோசனை. பாடிக்கும், அதாவது கேமராவுக்கும், தனியா ஒரு பவுச் வேணுமா? திங்க் டேங்க், லோவ்ப்ரோ ரெண்டு கம்பெனி பவுச்சும் பாத்தேன், விலைதான் உதைக்குது.

மண்டபம்_கேமராமேன்:
தம்பி, பாடிக்கு பவுச் வேணாம். அந்த மாதிரி இடத்துல கேமரா கைய விட்டு எறங்கவே எறங்காது, குறுக்கால ஸ்ட்ராப் போட்டுக்கிட்டா போதும். 24-70 பாடியிலயே இருந்தா இடுப்புல வர்றது 70-200 1045 கிராமும் 20 எம்எம் 373 கிராமும், ஒன்னே முக்கால் கிலோ கூட இல்ல. பழைய கேனான் இஎஃப் 70-200 2.8 ஐஎஸ் 2 ஒன்னு மட்டுமே 1490 கிராம், அதையே கட்டிக்கிட்டு முகூர்த்தத்துல இருந்து ரிசப்ஷன் வரைக்கும் நிக்கிறோம்.

ஆனா பேண்ட் பெல்ட்ல மட்டும் கோக்காதீங்க, அரை மணி நேரத்துல ஒரு கை பேண்ட்டத்தான் புடிச்சிக்கிட்டு இருக்கும். அகலமா பேட் வச்ச பெல்ட், வயித்துல இல்லாம இடுப்பு எலும்பு மேல உக்காரணும். லென்ஸ் ரெண்டுன்னா பவுச் மூணு, ஒன்னு எப்பவும் காலி. கழட்டுனத முதல்ல காலி பவுச்ல போட்டாத்தான் அடுத்தத எடுக்க கை ஃப்ரீயா இருக்கும். வர்ற லென்ஸோட பின் மூடிய போற லென்ஸுக்கு மாட்டிடுங்க, ஆத்து மணல் சும்மா விடாது. ஏ7 4-ல ஆஃப் பண்ணா உள்ள தூசி போகாம ஷட்டர் மூடிக்கிற ஆப்ஷன் இருக்கு, அத ஆன் பண்ணி வச்சிட்டு, ஆஃப் பண்ணிட்டே கழட்டுங்க.

பவுச் வாங்குறப்போ ஹூட்ட (லென்ஸ் முன்னாடி மாட்டுற வளையம்) நேரா மாட்டுன நிலையிலயே லென்ஸ் உள்ள போகுதான்னு பாருங்க. ஹூட்ட கழட்டி திருப்பி மாட்டிக்கிட்டு இருந்தா அழகர் போயே போயிருவாரு.

ஆழ்வார்புரத்தான்:
அண்ணே சொன்னது மண்டபத்துக்கு சரி, நம்ம ஆத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. பவுச் பக்கவாட்டுல இருந்தா நீங்க ஒரு பக்கம் நகருவீங்க, அது ஒரு பக்கம் மாட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டையும் முன்னாடி, தொப்புளுக்கு ரெண்டு பக்கமும் தள்ளிக்கங்க. பெல்ட்ல வழுக்கி ஓடுற பவுச்சா இருந்தா லாக் பண்ணிக்கங்க, திங்க் டேங்க்ல சுத்தவும் விடலாம் லாக்கும் பண்ணலாம். வெறும் வெல்க்ரோ நம்பாதீங்க, ஜிப் இல்லாட்டி பக்கிள் வேணும்.

அப்புறம் தண்ணி. கருப்பசாமி வேஷம் கட்டுனவங்க தண்ணி ரொப்புன தோப்பறைய (தோல் பை) தோள்ல போட்டு துருத்தியில பீய்ச்சுறப்ப அது மேல இருந்து வர்ற மழை மாதிரி இல்ல, நேரா நெஞ்சு மட்டத்துக்கு வரும், ஃப்ளாப்புக்கு அடியில பூந்துரும். ரெயின் கவர் போட்டா டக்குன்னு எடுக்க முடியாது. நான் ஒவ்வொரு லென்ஸையும் ஜிப்லாக் கவர்ல போட்டுத்தான் பவுச்ல எறக்குவேன். இன்னொன்னு, பாலத்து மேல நிக்கிறதா மணல்ல எறங்குறதான்னு முன்னாடியே முடிவு பண்ணிருங்க. மேலன்னா 70-200, கீழன்னா 20. தங்கக்குதிரை வந்தப்புறம் லென்ஸ் மாத்துற வேலையே வச்சிக்காதீங்க.

தையல்_லென்ஸ்:
விலை உதைக்குதுன்னா பேக் தைக்கிற கடைக்குப் போங்க ப்ரோ. வெளிய கார்டுரான்னு கெட்டியான நைலான் துணி, உள்ள ஈவிஏ ஃபோம் ஷீட் இல்லாட்டி பழைய யோகா மேட். 70-200 ஜிஎம் 2 குறுக்களவு 88 எம்எம், நீளம் 200 எம்எம், அது ஹூட் இல்லாம, அதனால லென்ஸையே கையில கொண்டு போய் அளவு குடுங்க. பின்னாடி லூப் ஒன்னு வச்சா ஆடும், ரெண்டா வைக்கச் சொல்லுங்க. வாயி கொஞ்சம் விரிஞ்சே நிக்கணும், ஒத்தக் கையில பாக்காமலே லென்ஸ எறக்கணும்ல.

மழைக்கால_பூஞ்சை:
வீட்டுக்கு வந்து அப்படியே பவுச்ல விட்டுட்டு தூங்கிராதீங்க. ஈர ஃபோம், இருட்டு, காத்து இல்ல, ஃபங்கஸுக்கு வேற என்ன வேணும். லென்ஸ் 40-50 சதவீத ஈரப்பதத்துல ட்ரை கேபினெட்டுக்கு (ஈரப்பதத்த கட்டுக்குள்ள வைக்கிற அலமாரி), பவுச் தனியா கொடிக்கு. எனக்குக் கேட்டா வாடகைக்கு இன்னொரு பாடி எடுத்து அதுல வேற லென்ஸ மாட்டிட்டா இந்த பெல்ட் கூத்தே வேணாம்.

கோரிப்பாளையம்_க்ளிக்:
வாடகை பாடி மேல தண்ணி பட்டா அதுக்கு வேற பதில் சொல்லணுமே சார், பெல்ட்டே போதும். மூணையும் முன்னாடி வச்சா குனிய முடியுமா?

ஆழ்வார்புரத்தான்:
குனியலாம், சம்மணம் போட்டுத்தான் உக்கார முடியாது. காலியா இருக்குறத இடது பக்கம் ஓரமா தள்ளிக்கங்க, அது நசுங்குனாலும் பரவால்ல.