பகிடி என்ற போர்வை: லண்டன் பொலிஸில் சேர விரும்பும் மகளும் கேசி அறிக்கையும்

கேள்வி: ஹரோவில் ஒரு தகப்பன்

வணக்கம். பல்கலைக்கழகப் படிப்பை முடித்த என் மகள் லண்டன் மெட்ரோபொலிட்டன் பொலிஸுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள். தடுக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனாலும் அந்தப் பொலிஸின் நடத்தையையும் உட்பண்பாட்டையும் ஆராய்ந்து 2023 மார்ச்சில் வெளியான லூயிஸ் கேசி அம்மையாரின் அறிக்கையை இரண்டு கிழமையாக வாசித்த பிறகு மனம் ஒப்ப மறுக்கிறது. முஸ்லிம் உத்தியோகத்தர் ஒருவரின் சப்பாத்துக்குள் பன்றியிறைச்சி வைத்திருக்கிறார்கள். சீக்கியர் ஒருவரின் தலைப்பாகையைச் சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்டவை பகிடி என்ற பெயரில் கழிந்துபோகும் இடத்துக்குத்தான் பிள்ளையை அனுப்பப் போகிறேனா என்று யோசிக்கிறேன்.

உறவினர்களோ, நாலு கெட்டவர்கள் எங்கும் இருப்பார்கள் என்கிறார்கள். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. இனவாதமும் பெண்வெறுப்பும் தன்பாலீர்ப்பினர் மீதான வெறுப்பும் நிறுவனரீதியாகவே அங்கு இருப்பதாகச் சொல்கிறது. மெட்ரோபொலிட்டன் பொலிஸ் ஆணையாளர் சேர் மார்க் ரவுலி கண்டறிதல்களை ஏற்றுக்கொண்டு, ‘நிறுவனரீதியான’ என்ற சொல்லை மட்டும் தாம் பயன்படுத்தப் போவதில்லை என்றார். இது வெறும் சொற்சண்டையா, அல்லது உள்ளே வேலை செய்யும் ஒருவருக்கு இதனால் ஏதாவது வேறுபாடு உண்டா?

பதில் 1: கிழக்கு லண்டன் சட்டத்தரணி

ஐயா, அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1993 ஏப்ரல் 22 அன்று தென்கிழக்கு லண்டனின் எல்தமில் ஒரு பஸ் தரிப்பிடத்தருகே 18 வயது ஸ்டீவன் லோரன்ஸ் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அந்த விசாரணையைப் பொலிஸார் கெடுத்த விதத்தை ஆராய்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி மக்பர்சன், 1999 இல் வெளியிட்ட அறிக்கையில்தான் நிறுவனரீதியான இனவாதம் என்பதற்கு வரைவிலக்கணம் கொடுத்தார். உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் இனவாதி என்பது அதன் பொருளன்று. நடைமுறைகளிலும் மனப்பாங்குகளிலும் தன்னை அறியாத முற்சாய்வு படிந்து, ஒரு பகுதி மக்களுக்கு உரிய சேவையைக் கொடுக்க நிறுவனம் கூட்டாகத் தவறுவதே அதன் பொருள்.

ஆகவே கெட்டவர் எத்தனை பேர் என்று எண்ணுவதை விட, அவர்களைப் பற்றி முறைப்பாடு வந்தபோது நிறுவனம் என்ன செய்தது என்று பார்ப்பதே பயனுள்ளது. 2022 ஒக்டோபரில் கேசி அனுப்பிய இடைக்காலக் கடிதத்தை உங்கள் மகளும் வாசிக்க வேண்டும். 2013 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட ஒழுக்காற்று முறைப்பாடுகளுக்கு உள்ளான 1,809 பேரில் வேலையை இழந்தவர்கள் 13 பேர் மட்டுமே. அதே முறைமைக்குள் கறுப்பின உத்தியோகத்தர் இழுக்கப்படும் வாய்ப்போ வெள்ளையினத்தவரை விட 81 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஒரே தராசுதான், எவர் ஏறுகிறார் என்பதைப் பொறுத்து முள் சாய்கிறது.

டேவிட் கரிக்கின் கதையையும் இதே கண்ணால் பாருங்கள். 2001 இல் மெட்ரோபொலிட்டன் பொலிஸில் சேர்ந்து, பின்னர் நாடாளுமன்ற, இராஜதந்திரப் பாதுகாப்புப் பிரிவில் துப்பாக்கி ஏந்திப் பணியாற்றியவர். பல பெண்களை ஆண்டுக்கணக்காக வன்புணர்ந்த குற்றத்துக்காக 2023 பெப்ரவரியில் ஆயுள் தண்டனை பெற்றார். அதற்கு முன் அவர் தொடர்பான ஒன்பது சம்பவங்கள் பொலிஸாரின் காதுக்கு எட்டியிருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதமாகப் பார்த்து மூடினார்களே தவிர, ஒன்பதையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்தவர் எவருமில்லை. 2017 இல் நடந்த பின்னணிச் சோதனையிலும் தேறிவிட்டார். 2021 மார்ச்சில் சேரா எவரர்ட் என்ற பெண்ணைக் கைதுசெய்வதாக ஏமாற்றிக் கடத்திக் கொன்ற வெய்ன் கசன்ஸும் அதே பிரிவைச் சேர்ந்தவர்தான் என்பது தற்செயலா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

பதில் 2: குரொய்டன் வாசகர்

ரவுலியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சொல் ஆளுக்கொரு பொருள் தருகிறது, அரசியலாகியும் விட்டது என்பதே அவருடைய வாதம். மறைப்பதற்காகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. விதிகளும் மாறியிருக்கின்றன. 2024 மே முதல் ஒழுக்காற்று விசாரணைகளுக்குச் சட்டத்துறையைச் சேர்ந்த வெளியாளுக்குப் பதிலாக மூத்த பொலிஸ் அதிகாரியே தலைமை தாங்குகிறார். பின்னணிச் சோதனையில் தவறியவரைக்கூட அந்தக் காரணத்துக்காக வேலைநீக்கம் செய்ய முடியாது என்று 2025 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் கூறியபோது (கேட்பதற்கே விசித்திரமாக இல்லையா!), அரசு அதே ஆண்டில் புதிய ஒழுங்குவிதியைக் கொண்டுவந்து அந்த ஓட்டையை அடைத்தது. நல்லவர்கள் உள்ளே போகாவிட்டால் மாற்றம் எங்கிருந்து வரும்?

பதில் 3: முன்னாள் பொலிஸ் அலுவலகப் பணியாளர்

நான் இங்கிலாந்தில் வேறொரு பொலிஸ் படையில், சீருடை இல்லாத ஊழியராக, விசாரணை ஒலிப்பதிவுகளைத் தட்டச்சு செய்யும் வேலை பார்த்தேன். விதிமாற்றங்களைப் பற்றிக் குரொய்டன் வாசகர் சொன்னது சரி. ஆனால் நான் கண்ட தண்டனை எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

எங்கள் நிலையத்தில், தேநீர் போட எழுந்தவர் அறையில் இருக்கும் எல்லோரிடமும் வேண்டுமா என்று கேட்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஓர் இளம் பெண் கான்ஸ்டபிள், தன் உடலைப் பற்றித் தொடர்ந்து பேசிய சார்ஜன்ட் மீது முறைப்பாடு கொடுத்தார். அடுத்த கிழமையிலிருந்து அவரிடம் மட்டும் எவரும் கேட்கவில்லை. ஏசவில்லை, முறைக்கவில்லை, கேத்தல் கொதிக்கும், கோப்பைகள் நிறையும், அவருடையது கொக்கியில் தொங்கிக்கொண்டே இருக்கும். இரவுப் பணியில் அவரோடு வாகனத்தில் போவதற்கு ஆள் கிடைப்பதும் கடினமாயிற்று. ஐந்தாம் மாதம் இடமாற்றம் கேட்டுப் போய்விட்டார். சார்ஜன்டுக்கு அறிவுரை வழங்கப்பட்டதாகக் கேள்வி. கோப்பை தொங்கியது ஒழுக்காற்றுக் கோவையில் எப்படிப் பதிவாகும்? உண்மையைச் சொன்னால், நானும் அவரிடம் கேட்காத நாட்கள் இருந்தன.

பதில் 4: ஹரோவில் ஒரு தகப்பன்

எல்லோருக்கும் நன்றி. கடைசிப் பதிலை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர் முறைப்பாடு கொடுத்தால் அவரை வெளியே அனுப்ப முடியுமா என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் 5: கிழக்கு லண்டன் சட்டத்தரணி

முறைப்பாடு கொடுத்ததற்காக அனுப்ப முடியாது. ஆனால் தகுதிகாண் காலத்தில் இருப்பவர் நல்ல கான்ஸ்டபிளாக வரமாட்டார் என்று கருதினால், ஒழுக்காற்று விசாரணை நடத்தாமலே அவரை விடுவிக்கும் அதிகாரத்தைப் பொலிஸ் ஒழுங்குவிதிகளின் 13 ஆம் விதி படைத் தலைமைக்குக் கொடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் முறைப்பாடு குவிந்த பழைய கை அசையாமல் இருக்க, நேற்று வந்தவரின் நிலைதான் அங்கே மிகப் பலவீனமானது. ஆகவே சேர்ந்த முதல் நாளிலேயே உத்தியோகத்தரின் நலன் காக்கும் அமைப்பான பொலிஸ் கூட்டமைப்பில் அங்கத்தவராகட்டும். மேற்பார்வையாளர் தன் வேலையைப் பற்றிச் சொல்லும் நல்லதையும் கெட்டதையும் திகதியிட்டு எழுத்தில் வாங்கி வைக்கட்டும். 13 ஆம் விதியின் பெயரில் எவராவது வந்தால், முதலில் தேவைப்படுவது அந்தக் காகிதங்கள்தான்.