லாத்தூர்: பழைய வீட்டை விட்டுவிட்டுப் புது அறை கட்டியது சரியா?

கட்டுமானக் கதிர்:
1993 செப்டம்பர் 30, அதிகாலை 3.56. மகாராஷ்டிராவின் லாத்தூர் மாவட்டத்தில், கில்லாரி ஊரில் வந்த நிலநடுக்கம் 6.2 அளவுதான், ஆனால் பத்தாயிரம் பேர் அளவுக்குச் செத்தார்கள். கொன்றது வீடு. சேறு வைத்து அடுக்கிய கருங்கல் சுவர், அதன்மேல் பலகை பரப்பி ஒன்றரை அடி, இரண்டு அடிக்கு மண். இடிந்துபோன 52 ஊர்களை வேறு இடத்தில் கட்டினார்கள். மிச்ச ஊர்களில் பழைய வீட்டைப் பழுதுபார்த்து வலுப்படுத்தப் பணம் கொடுத்தார்கள். நிறையப் பேர் அந்தச் சுவரைத் தொடவே இல்லை, பக்கத்தில் செங்கல்லில் ஒரு அறை கட்டிக்கொண்டார்கள். இது அலட்சியம் என்றுதான் சொல்வேன். பயம் ரெண்டு வருஷத்துக்கு மேல் நிற்காது.

மழைமேகம்:
சார், நான் அதே மாவட்டத்தில் ஔசா பக்கத்துக் கிராமத்தில் ஆறு வருஷம் குடியிருந்தவள். எங்கள் வீட்டுக்கார மாவ்ஷி (மராத்தியில் சித்தி, பெரியம்மா மாதிரி) கட்டியதும் அப்படி ஒரு அறைதான். பகலில் பழைய வீட்டில் சமையல், தானிய மூட்டையும் அங்கேதான், ஏனென்றால் சித்திரை வெயிலில் அந்த மண்கூரைக்குக் கீழேதான் உட்கார முடியும். ராத்திரி ஒருத்தரும் உள்ளே படுக்கமாட்டார்கள். பேரன் ஒருநாள் அங்கேயே தூங்கிவிட்டான், பன்னிரண்டு வயசுப் பையனை, தன் வயதான காலத்தில் மாவ்ஷி தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "விழித்திருந்தால் ஓடலாம், தூங்கினால் எப்படி ஓடுவது" என்பார். அக்காவைப் பறிகொடுத்தவர். அவருக்கா பயம் போய்விட்டது?

மண்வெட்டி:
இன்னொன்று. 1992 அக்டோபரிலேயே கில்லாரியில் பூமி ஆடியது. அரசாங்கத்தின் நிலநடுக்க வரைபடமோ அந்தப் பகுதியை ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் வைத்திருந்தது, 2002இல்தான் அந்த மண்டலத்தையே எடுத்தார்கள். படித்தவர்களே எதிர்பார்க்காததற்குக் கிராமத்து ஆளைக் குறை சொல்லாதீர்கள்.

கட்டுமானக் கதிர்:
வரைபடம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 93க்கு அப்புறமும் அதே சுவர் நிற்கிறதே, என் கேள்வி அது. மழைமேகம், நிலநடுக்கம் ராத்திரிதான் வரும் என்று எழுதியா வைத்திருக்கிறது? 2015இல் நேபாளத்தில் பகல் 11.56க்கு வந்தது, சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு என்பதால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். உங்கள் மாவ்ஷி வீட்டில் பகல் பன்னிரண்டுக்கு அந்தச் சமையலறையில் யார் இருப்பார்கள்?

மழைமேகம்:
மருமகள். லீவு நாளென்றால் பிள்ளைகளும்.

மண்வெட்டி:
சரி கதிர், தன் அக்காவைக் கொன்ற அதே மாதிரிச் சுவரில் நாலு கம்பி செருகினால் நிற்கும் என்று சொன்னால் எப்படி நம்புவார்? கையில் இருக்கிற பணத்துக்கு நம்பிக்கையான ஒரு அறை போதும் என்று முடிவெடுத்தார். நானும் அதைத்தான் செய்வேன்.

கட்டுமானக் கதிர்:
அறை வேண்டாம் என்று சொல்லவில்லை. அலட்சியம் என்ற வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சமையலறையை அப்படியே விடக்கூடாது. அந்தச் சுவர் பார்க்க ஒன்று, உள்ளே ரெண்டு: வெளிப்பக்கம் ஒரு கல்வரிசை, உள்பக்கம் ஒரு கல்வரிசை, நடுவில் மண்ணும் சில்லுக்கல்லும். ஆடும்போது ரெண்டும் பிரிந்து வயிறு தள்ளிச் சரியும். ரெண்டையும் பிடித்துக் கட்டினால் அப்படிச் சட்டென்று பிரியாது, அதற்குப் புது அறை கட்டும் செலவு ஆகாது.

மழைமேகம்:
கூரை மண்ணைக் குறைக்கச் சொன்னால் ஒழுகுமே என்பார். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மேலே மண் போடுவதே அதற்குத்தான். அதற்கு என்ன பதில் சொல்ல? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவேன்.

கட்டுமானக் கதிர்:
இதைச் சொல்லுங்கள். மண்ணை முக்கால் அடிக்குள் குறைத்து, நடுவில் கெட்டியான பாலித்தீன் தாள் விரித்தால் ஒழுகாது. சுவரில் நாலு அடிக்கு ஒன்று, உயரத்தில் ரெண்டு அடிக்கு ஒன்றாகத் துளை. துளைக்குள் ரெண்டு முனையும் வளைத்த கம்பி, சுற்றிலும் கான்கிரீட். கொத்தனார் கடப்பாரையால் ஓங்கி இடிக்கக் கூடாது, கல்லை மெல்ல அசைத்து அசைத்து ஒவ்வொன்றாக எடுக்கணும். துளை போடும் நாட்களில் சமையல் வெளியே இருக்கட்டும்.