ஹீட்டர் சூடாகல, ஆளு புதுசு மாத்தச் சொல்றான்

செந்தூல்_11வது_மாடி:
வணக்கம் எல்லாருக்கும். கேஎல் செந்தூல்ல ஃப்ளாட், பாத்ரூம்ல இன்ஸ்டன்ட் ஹீட்டர், 3.6 கிலோவாட், போட்டு நாலு வருஷம் ஆச்சு. போன வாரம் ரெண்டு நாள் தண்ணி கட், திரும்ப வந்தப்ப தே ஓ (பால் இல்லாத டீ) கலர்ல வந்துச்சு, அதுலேர்ந்து ஹீட்டர் லைட் எரியுது அணையுது எரியுது அணையுது, தலையில சோப்பு போட்டு நிக்கும்போது பச்சத்தண்ணி கொட்டுது. அடியில வேற லேசா சொட்டுது. ஆள் கூப்பிட்டேன், மூடியக்கூட கழட்டாம "உள்ள போச்சு, புதுசு போடுங்க"ன்னு சொல்லி 50 ரிங்கிட் வாங்கிட்டுப் போயிட்டான். நிஜமாவே மாத்தணுமா?

வயர்மேன்_கெப்போங்:
தம்பி, அவசரப்பட்டு காசு போடாதீங்க. இன்ஸ்டன்ட் ஹீட்டர்ல தண்ணி ஓட்டத்த பாத்துதான் கரண்ட் போகும், ஓட்டம் கம்மியானா அதுவே கட் பண்ணிடும், லைட் எரிஞ்சு அணையுறது பெரும்பாலும் அதுதான். தண்ணி உள்ள வர்ற பைப் வாயில சின்னதா ஒரு வலை இருக்கும், தண்ணி கட் முடிஞ்சு வர்ற மண்ணெல்லாம் அங்கதான் உக்காரும். டிபி பாக்ஸ்ல (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) ஹீட்டர் சுவிட்ச இறக்கிட்டு, ஸ்டாப் வால்வ மூடிட்டு, வலைய எடுத்து பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. ஷவர் தலையயும் கழட்டிப் பாருங்க. யூடியூப்ல தமிழ்நாட்டு ஆளுங்க வினிகர் ஊத்திக் காட்டுவாங்க, அங்க போர் தண்ணி, உப்பு படியும். நமக்கு ஆத்துத் தண்ணி, சுண்ணாம்பு கம்மி, மண்ணும் துருவும்தான் பிரச்சினை.

சொட்டுறதுக்கு ஒண்ணு கேக்குறேன், ஷவர் மாத்துனீங்களா? கையில பட்டன் அமுக்கி தண்ணிய நிறுத்துற மாதிரி?

செந்தூல்_11வது_மாடி:
ஆமாண்ணே! ஹார்ட்வேர் கடையில 18 ரிங்கிட், பிள்ளைங்களுக்கு வசதின்னு வாங்குனேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க??

வயர்மேன்_கெப்போங்:
மாசத்துக்கு ரெண்டு வீட்டுல பாக்குறேன் லா. இந்த ஹீட்டர்ல வெளிய போற பக்கம் எப்பவும் திறந்தே இருக்கணும். நீங்க ஷவர்ல அடைச்சா மெயின் பிரஷர் முழுக்க உள்ள இருக்குற குட்டி டேங்க்லயும் சீல்லயும் ஏறும், சீல் தாங்காது. நிறுத்துறதுன்னா உள்ள வர்ற பக்க வால்வுலதான் நிறுத்தணும். சொட்டு நிக்கலன்னா சீல் போயிருச்சுன்னு அர்த்தம், அப்ப திறந்து பாக்குற ஆளா கூப்பிடுங்க, உள்ள ஈரத்தோட போட்டுக் குளிக்காதீங்க.

இன்னொண்ணு, ஹீட்டர்ல இருக்குற டெஸ்ட் பட்டன மாசம் ஒரு தடவ அமுக்குங்க, டக்குன்னு கட் ஆகணும். ஆகலன்னா அன்னிக்கு பச்சத்தண்ணியே போதும். நம்ம மலேசியா சட்டப்படி ஈரமான இடத்துக்கு 10 மில்லிஆம்ப் இஎல்சிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) வேணும், பழைய வீட்டுல பாதிப் பேருக்கு 100 மில்லிஆம்ப் ஒண்ணுதான் வீடு முழுக்க. சும்மா சும்மா ட்ரிப் ஆகுதுன்னு அத பைபாஸ் பண்ணச் சொல்றவங்கள பாத்தா எனக்கு கோபம்தான் வரும்.

ஜெலுத்தோங்_அக்கா:
பினாங்குல எங்கம்மா வீட்டுல டேங்க் ஹீட்டர், சீலிங் மேல. அதுக்கும் இதே கததானா அண்ணே?

வயர்மேன்_கெப்போங்:
அது வேற கத மா. டேங்க் உள்ள மெக்னீசியம் ராடு ஒண்ணு இருக்கும், டேங்க் துருப்பிடிக்காம அது தன்னையே கரைச்சுக்கும். அது தீந்தா அடுத்தது டேங்க்தான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. பிரஷர் வால்வுலேர்ந்து சொட்டுதுன்னு அந்தக் குழாய அடைச்சிடாதீங்க, வெடிக்கிறதே அப்படித்தான். தண்ணி கட் ஆச்சுன்னா சுவிட்ச ஆஃப் பண்ணிடுங்க, திரும்ப வந்ததும் சுடுதண்ணி பைப்ப திறந்து தண்ணி நல்லா ஓடுனப்புறம் ஆன் பண்ணுங்க, காலி டேங்க்ல போட்டா சூடாக்குற எலிமென்ட் கருகிடும்.

ஜெலுத்தோங்_அக்கா:
ஐயோ, 9 வருஷமா யாரும் தொடல. போன தடவ வந்த ஆள் கழட்டுறேன்னு ஏறுனார், அம்மா சீலிங் அழுக்காகும்னு இறக்கி விட்டுட்டாங்க 😂 தீபாவளிக்குப் போறப்ப நானே நின்னு பாக்குறேன்.

செந்தூல்_11வது_மாடி:
அப்டேட். வலைய எடுத்தா காப்பித்தூள் மாதிரி அரை டீஸ்பூன் மண்ணு. பழைய ஷவரயே மாட்டிட்டேன், லைட் இப்ப நின்னு எரியுது, டெஸ்ட் பட்டனும் ஓகே. சொட்டு மட்டும் நிக்கல, அதனால சுவிட்ச் இறக்கியே வெச்சிருக்கேன், சீலுக்கு சனிக்கிழம வேற ஆள் வரார். பட்டன் ஷவர் யாருக்காவது வேணுமா, ஹீட்டர் இல்லாத பாத்ரூமுக்கு? 😅