பகலிலா, இரவிலா?

முன்னாள் ஆசிரியை, சயான்:

மும்பையின் குடிசைப்பகுதியான தாராவியில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்றால் ஆறு லட்சம் என்பார் ஒருவர், பத்து லட்சம் என்பார் இன்னொருவர். இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம் இடத்துக்கு இவ்வளவு வித்தியாசமா என்று நானும் சிரித்திருக்கிறேன், 2011 பிப்ரவரி வரை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்ததால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என் தலையில் விழுந்தது.

பத்துக்குப் பத்து அறை. வாசலில் ஒரு பீகார்ப் பையன் தோல் பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தான். "இங்கே எத்தனை பேர்?" என்றேன். "பகலிலா, இரவிலா?" என்று இந்தியில் திருப்பிக் கேட்டான். பகலில் பத்துப் பேர் தைக்கிறார்கள். இரவில் அந்த மெஷின்களுக்கு நடுவிலேயே ஆறு பேர் படுக்கிறார்கள். ஆறு என்று எழுதினேன்.

பக்கத்து வீட்டில் திருநெல்வேலிப் பெரியவர். அந்தப் படிவத்தில், முன்பு வாழ்ந்த ஊரை விட்டு வந்த காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு. வேலை என்றால் 1, திருமணம் என்றால் 4, இப்படி. தோல் ஷாப்புக்கு வந்தவர் என்பதால் அவரைக் கேட்காமலே 1 போட்டேன். எட்டிப் பார்த்தார். "பீகார்க்காரப் பையனுக்கும் இதே எண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். "ஊரில் மேலத்தெரு வழியாகச் செருப்புப் போட்டு நடக்க முடியாது டீச்சர். அதற்கு என்ன எண்?"

'மற்றவை' என்று 7 இருந்தது. ஆனால் நான் 1ஐ அடிக்கவில்லை. திருத்தம் கூடாது என்று பயிற்சியில் மிரட்டியிருந்தார்கள்.

கோலி மீனவர்கள்தான் அங்கே ஆதிக்குடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் வந்தது, அதன் பின்னால் நம் தென்மாவட்டத்து ஆட்கள். சௌராஷ்டிரக் குயவர்கள் தென்மும்பையிலிருந்து பெயர்க்கப்பட்டு வந்து கும்பார்வாடாவில் சூளை வைத்தார்கள். வகுப்பில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். செருப்பைப் பற்றி மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

தொண்ணூறு அடிச் சாலைக்காரன்:

டீச்சர், எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு போட்டோ பாஸ், அதாவது குடும்பப் படம் ஒட்டிய அடையாள அட்டை, இருக்கிறது. 1976 ஜனவரி 4 அன்று பம்பாய்க் குடிசைகளை ஒரே நாளில் எண்ணினார்கள் அல்லவா, அதை வைத்துக் கொடுத்தது. அம்மா அப்போது என்னைப் பெற ஊருக்குப் போயிருந்தார். அதனால் அப்பா மட்டும் தனியாக முறைத்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் குடிசைக்கு இருக்கும் பழைய ஆதாரம் அது ஒன்றுதான். பத்திரங்களைக்கூட அம்மா அலமாரியில் போட்டுவைப்பார், இதை மட்டும் மஞ்சள் துணியில் சுற்றித்தான் வைப்பார். "உன் அப்பனுக்குப் பெண்டாட்டி இல்லை என்று சர்க்காரே எழுதிவிட்டது" என்று சாகும்வரை சொல்லிக்காட்டினார்.

மாடி வீட்டுப் பெண்:

உங்களிடம் காகிதமாவது இருக்கிறது அண்ணா. நாங்கள் மாடி. தாராவி மறுசீரமைப்புக்காக 2024இல் வீடு வீடாக அளந்தபோது எங்கள் சந்துக்கும் வந்தார்கள். தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடிக்காரர்களைத் தாராவிக்கு வெளியே வேறெங்காவது அனுப்புவார்களாம். என் கணவருக்கு வேலை கீழேயே, ஏணி இறங்கினால் பட்டறை. வேறெங்காவது போனால் ரயில் ஏறித்தான் வரவேண்டும். கீழ்வீட்டு அக்கா பாவம், அளக்க வந்தவர்கள் போனபிறகு எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்று சாயங்காலம் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினார். குடிக்கத் தோன்றவில்லை.

முன்னாள் ஆசிரியை, சயான்:

2011இல் மாடிகளையும் தனிக் குடும்பமாகத்தான் எழுதினேன் அம்மா, எல்லா ஏணியும் ஏறினேன். பிடித்து ஏறக் கைப்பிடி இல்லாமல் நீலக் கயிறு தொங்கும் வீடு ஒன்று இருந்தது. உங்களுடையதா?