புதுப்பிப்பு: அம்மா கால் புண், வேலூரா ரூசாவா?

போன வாரம் கேட்டிருந்தேனே, சர்க்கரைக்கார அம்மாவுக்குக் காலில் ஆறாத புண், குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கே போகணுமா என்று. முதலில் ரூசாவில் காட்டுங்க என்றீர்கள், காட்டினோம். சிஎம்சி 1977-ல் கே.வி.குப்பத்தில் தொடங்கிய கிராமப்புற மருத்துவ, சமூகநல மையம் அது. நான் இத்தனை நாளும் தொழிற்பயிற்சி நிலையம் என்றே நினைத்திருந்தேன் (அதுவும் அங்கே உண்டு, முழுத் தப்பில்லை).

புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் நர்ஸ் கேட்டது அம்மாவின் செருப்பைத்தான். கவிழ்த்துத் தட்டி உள்ளே விரலை விட்டுத் தடவினார், குதிகால் பக்கம் ஒரு ஆணி முனை துருத்திக்கொண்டிருந்தது. "குத்தலையாம்மா?" "இல்லையே" என்றார் அம்மா. அதுதான் விஷயம், சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருக்கிறது, களிம்பை மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருந்தோமே தவிர செருப்பை யாரும் பார்க்கவில்லை. 1946-ல் சிஎம்சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்களில் கண்டதும் கிட்டத்தட்ட இதேதான், உணர்ச்சி போனதால் காயம் தெரியாமலே கால் கெடுகிறது.

இப்போது மெத்தென்ற எம்சிஆர் (நுண்துளை ரப்பர்) செருப்பு. புண் ஓரம் காய ஆரம்பித்திருக்கிறது. ஆனால் அம்மா அந்தச் செருப்பைக் கல்யாண வீட்டுக்குப் போட்டுவர மாட்டாராம், அந்தச் சண்டை தனியாக ஓடுகிறது.